வளன்: யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் தமிழ் வரலாறு

புதுதில்லியில் கிட்வாய் நகரிலிருந்து அரவிந்தர் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், வட்டச் சாலையைக் கடந்து அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைத் தாண்டியதும் யூசுப் சராய் என்னும் பகுதியை அடைவர். 'சராய்' என்பது வணிகச் சாத்தும் வழிப்போக்கரும் தங்கிச் செல்லும் விடுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல். 'யூசுப்' என்பது எபிரேயத்தில் 'யோசேப்' என வழங்கும் ஆட்பெயரின் அரபு வடிவம். விவிலிய மரபிலும் குர்ஆன் மரபிலும் வரும் அப்பெயருக்குரியவன், உடன்பிறந்தாரின் சூழ்ச்சியால் வணிகச் சாத்தோடு எகிப்துக்குக் கொண்டு செல்லப்பட்டவன். பின்னர் அந்நாட்டின் தானியக் களஞ்சியங்களுக்குப் பொறுப்பேற்றுப் பஞ்சத்தில் மக்களைக் காத்தவன். கிட்வாய் நகருக்குப் பெயர் தந்த இரஃபி அகமது கிட்வாயும் (1894-1954) தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் நடுவண் அரசின் உணவு, வேளாண் அமைச்சராக விளங்கி, உணவுத் தானியக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர் என்பது தற்செயலான பொருத்தமே. எனினும் நினைக்கச் சுவையானது.

நடுவண் அரசு ஊழியர் குடியிருப்பாக எழுந்த கிட்வாய் நகர் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வந்துள்ளன. அத்தகைய குடியிருப்புகளின் பெயர்ப் பதிவேடுகளில் சூசை, யோசேப்பு, ஜோசப், யூசுப், வளன் என்னும் ஐந்தும் ஐந்து வெவ்வேறு பெயர்களாகவே எழுதப்படும். அவை ஒரே பெயர் என்பதை எழுத்தர் அறியார். பெயருக்குரியவர்களும் பல வேளைகளில் அறியார். இவ்வைந்தனுள் நான்கு, எபிரேய ஒலியைப் பல வழிகளில் ஏற்றுத் திரிந்து நின்றவை. ஐந்தாவதாகிய 'வளன்' ஒன்றே ஒலியைக் கைவிட்டுப் பொருளைப் பற்றி நிற்பது. இது வீரமாமுனிவரின் தேம்பாவணியில் பாட்டுடைத் தலைவன் பெயராகப் பொலிந்து, இருநூறாண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் ஏட்டளவில் இருந்து, இருபதாம் நூற்றாண்டில் மக்கட் பெயராகவும் நிறுவனப் பெயராகவும் மறுவாழ்வு பெற்றது. அவ்வரலாற்றையும், அம்மறுவாழ்வினால் விளைந்த ஈட்டத்தையும் இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

பெயரின் வேர்

எபிரேய ஆட்பெயர்களுள் பல, தனிச்சொற்கள் அல்ல, சிறு வாக்கியங்கள். குழந்தை பிறந்த வேளையில் தாயோ தந்தையோ கூறிய நன்றியும் வேண்டுதலும் பெயராக உறைந்தவை. 'யோசேப்' அவ்வகையைச் சார்ந்தது. கூட்டுதல், மேலும் சேர்த்தல், மிகுவித்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்து, 'அவர் கூட்டுவாராக' என வியங்கோள் பொருள் தருவது. கூட்டுபவர் இறைவன் என்பது தொக்கு நிற்கின்றது. எண்பத்தோராம் திருப்பாடலின் எபிரேய மூலத்தில் இப்பெயர் இறைப்பெயரின் சுருக்கத்தை வெளிப்படையாகக் கொண்ட 'யெகோசேப்' என்னும் வடிவிலும் காணப்படுகின்றது.

தொடக்க நூலின் முப்பதாம் இயல் இப்பெயருக்கு இரு காரணம் காட்டுகின்றது. நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய இராகேல் மகனைப் பெற்றபோது, தன் இழிவு நீக்கப்பட்டது என்றாள்; அடுத்து, இறைவன் தனக்கு இன்னொரு மகனையும் சேர்த்துத் தர வேண்டும் என்றாள். 'நீக்கினார்' என்பதற்குரிய எபிரேயச் சொல்லும் 'சேர்ப்பாராக' என்பதற்குரிய எபிரேயச் சொல்லும் ஒலியால் நெருங்கியவை. ஒன்று கழித்தலையும் மற்றொன்று கூட்டலையும் உணர்த்த, இரண்டும் ஒரு குழந்தையின் பெயரில் வந்து முடிகின்றன. இலக்கண நெறிப்படி பெயரின் வேர் இரண்டாவதே. முதலாவது ஒலியொப்புமை பற்றி எழுந்த சொல்நயம். பெற்ற பேற்றை மட்டும் சுட்டும் பெயரன்று இது. இன்னும் பெறாத ஒன்றை வேண்டும் பெயர். அவ்வேண்டுதல் பின்னர் இளைய மகன் பென்யமினின் பிறப்பில் நிறைவேறியதும், அப்பிறப்பிலேயே இராகேல் இறந்ததும் அந்நூல் கூறும் செய்திகள்.

அதே நூலின் நாற்பத்தொன்பதாம் இயலில், யாக்கோபு இறக்குமுன் மக்களுக்கு ஆசி கூறும் இடத்தில், யோசேப்பு நீரூற்றின் அருகே நின்று மதில்மேல் படரும் கனிமரத்தோடு ஒப்பிடப்படுகின்றான். இவ்விடத்து இலத்தீன் மொழிபெயர்ப்பாகிய வுல்காத்தா, மரத்தை விடுத்து 'வளர்ந்து பெருகும் மகன்' என்னும் பொருள்பட அமைந்துள்ளது. இலத்தீன் திருச்சபை மரபில் இப்பெயருக்குப் 'பெருக்கம்' என்னும் பொருளே நிலைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான கிளேர்வோ பெர்னார்து அடிகள், மரியாளின் கணவரான யோசேப்பின் பெருமையை அவர்தம் பெயர்ப் பொருளாகிய பெருக்கத்தைக் கொண்டே விளக்கி, எகிப்தில் களஞ்சியம் காத்த பழைய யோசேப்போடு அவரை ஒப்பிட்டுள்ளார். இருவர்க்கும் தந்தை பெயர் யாக்கோபு என்பதும் (மத்தேயு முதல் இயல்) அவ்வொப்புமைக்குத் துணையாயிற்று. பிற்காலத்தில் தமிழில் எழுந்த 'வளன்' என்னும் பெயரைப் புரிந்துகொள்ள இம்மரபு இன்றியமையாதது.

செப்பேட்டில் ஒரு யோசேப்பு

தென்னாட்டு எழுத்துச் சான்றுகளில் இப்பெயர் கிறித்தவர் பெயராக அன்றி யூதர் பெயராகவே புகழ்பெற்றுள்ளது. சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து வழங்கியதும் மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தில் பேணப்பட்டதுமான செப்பேடு, இசுப்பு இரப்பான் எனப் படிக்கப்படும் ஒருவனுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்ததைக் கூறுகின்றது. யோசேப் இரப்பான் என்பதே அப்பெயர். பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, வாயில், தோரணம் முதலியன அவ்வுரிமைகளுள் அடங்கும். ஆட்சியாண்டு 'இரண்டாம் ஆண்டைக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு' எனக் குறிக்கப்பெற, கி.பி. 1000 அளவினது என எம்.ஜி.எஸ். நாராயணன் முதலிய வரலாற்றறிஞர் கணித்தனர். எழுத்து வட்டெழுத்து, மொழி, மலையாளம் தனிமொழியாகக் கிளைக்கும் காலத்து மேலைத் தமிழ்.

இச்செப்பேட்டின் பெயர்வடிவம் மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. மொழி முதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நன்னூலார் காலத்தில் யோகம், யுகம் போன்ற வடசொற்கள் பெருகிய நிலையில் ஓகாரம், உகரம் முதலியனவற்றோடும் யகரம் மொழி முதலாகும் என இடம் தரப்பட்டது. எனவே பழைய நெறிப்படி 'யோ' என்றோ 'யூ' என்றோ ஒரு சொல் தொடங்குதல் இயலாது. செப்பேட்டை எழுதியவர் யகரத்தை விடுத்து இகரத்தால் தொடங்கி, ஈற்று மெய்யை உகரம் சேர்த்து 'இசுப்பு' என முடித்துள்ளார். இலக்கண நூலைப் பார்த்து எழுதினார் என்பதற்கில்லை. நாவின் பழக்கமே அவ்வாறு அமைந்தது எனலாம். கேரளத்துச் சிரியக் கிறித்தவர் வழக்கிலுள்ள 'ஔசேப்பு', சிரிய மொழியின் 'யௌசேப்' என்பதிலிருந்து வந்தது. அதுவும் முதல் யகரத்தை இழந்து நிற்றல் காண்க.

தமிழ் முஸ்லிம்களிடையே 'யூசுபு' என்பது அரபு வழி வந்தது. திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் இப்பெயராலேயே வழங்குகின்றது. நபிமார் வரலாறுகளைக் கூறும் கிஸ்ஸா இலக்கியங்கள் வழியாகவும் யூசுபு நபியின் கதை தமிழில் பரவியது.

சூசை

1535 முதல் 1537 வரையிலான காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றபோது, போர்ச்சுக்கீசியப் பெயர்களும் அவற்றோடு வந்தன. அக்காலத்திற்கு உரிய வழக்கம் ஒலிபெயர்ப்பே. அன்றீக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கமும், 1586இல் வெளியிட்ட அடியார் வரலாறும் சமயச் சொற்களையும் புனிதர் பெயர்களையும் பெரிதும் போர்ச்சுக்கீசிய ஒலியை ஒட்டியே தமிழெழுத்தில் தந்தன. 'சூசை' இவ்வழக்கின் விளைவு.

போர்ச்சுக்கீசியத்தில் இப்பெயர் 'ஜொசே' என எழுதப்படினும், அழுத்தம் பெறாத ஒகரம் அம்மொழியில் உகரமாக ஒலிக்கும். அழுத்தம் ஈற்றசையின் மீது விழும். எனவே காதில் விழுந்த ஒலி 'ஜுசே' என்பதற்கு அணித்தானது. உரசொலி சகரமாகவும், ஈற்று ஏகாரச் சாயல் ஐகாரமாகவும் மாற, 'சூசை' பிறந்தது. எபிரேயப் பெயரின் ஈற்று மெய் போர்ச்சுக்கீசியத்திலேயே மறைந்து விட்டதால், 'யோசேப்'பிற்கும் 'சூசை'க்கும் இடையே ஒலியொற்றுமை காண்பது இன்று அரிது. ஆயினும் தமிழன் செவியும் நாவும் இச்சொல்லை முழுமையாகத் தமக்குரியதாக்கிக் கொண்டன. அப்பர் என்னும் உறவுச்சொல் சேர்ந்து சூசையப்பர் ஆயிற்று. சூசைமுத்து, சூசைமாணிக்கம், சூசைநாதன், சூசையம்மாள், அருள்சூசை எனக் கூட்டுப் பெயர்கள் பல்கின. ஐகார ஈறும் நெடில் முதலும் உடைய இச்சொல்லை வேற்றுமொழிச் சொல் என இனங்காண எந்தத் தடயமும் ஒலியில் இல்லை. 'சூசன்னா' என்னும் பெண்பெயரை இதன் பெண்பால் எனக் கொள்வது பிழை. அது அல்லியினப் பூவைக் குறிக்கும் வேறோர் எபிரேயச் சொல்லின் வழிவந்தது.

சீர்திருத்தத் திருச்சபையினர் வேறு வழி சென்றனர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை அச்சேற்றிய 1714-15 முதல், மூலமொழிகளை நோக்கிய ஒலிபெயர்ப்பு வலுப்பெற்று 'யோசேப்பு' நிலைத்தது. ஆங்கிலக் கல்வி பரவிய பின்னர் 'ஜோசப்' இரு சபையார்க்கும் பொதுவாயிற்று. இவ்வாறு ஒரு பெயரின் வடிவமே ஒருவர் கத்தோலிக்கரா, சீர்திருத்தச் சபையினரா, முஸ்லிமா என்பதை உணர்த்தும் குறியாக மாறிற்று.

வளன்

இச்சூழலில் மதுரை மறைப்பணியாளர் மேற்கொண்ட நெறி தனித்தது. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி தத்துவ போதகர் எனப்பட்டார். ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர் ஆனார். 'யோவான்' என்னும் எபிரேயப் பெயர் 'இறைவன் அருள் கூர்ந்தார்' எனப் பொருள்படுவது; அப்பொருளே 'அருள்' என இப்பெயரிலும், யோவானைக் குறிக்கக் கத்தோலிக்கர் வழங்கிய 'அருளப்பர்' என்பதிலும் உள்ளது. கிரேக்கத்தில் மணிமுடியைச் சுட்டும் ஸ்தேவான் முடியப்பர் ஆனதும், இலத்தீனில் சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனதும் இந்நெறியின் பயனே.

வீரமாமுனிவர் (1680-1747) இம்மரபில் வந்தவர். இத்தாலியில் காஸ்திலியோனேயில் பிறந்த அவர்தம் இயற்பெயர் கொஸ்தான்சோ ஜுசெப்பே பெசுகி. பெயரின் முதற்பகுதி நிலைபேற்றையும் உறுதியையும் சுட்டுவதாகலின், 'தைரியநாதர்' எனத் தமிழில் வழங்கிற்று. இரண்டாம் பகுதியாகிய 'ஜுசெப்பே' இத்தாலிய யோசேப்பே. தம் பெயரின் முதற்பகுதியைத் தமக்குத் தமிழாக்கிக்கொண்ட முனிவர், இரண்டாம் பகுதியைத் தமிழாக்கிக் காப்பியத் தலைவனுக்குச் சூட்டினார் எனல் பொருந்தும். தம் பெயர்ப் புனிதரைப் பாடும் பத்திமை தேம்பாவணியின் தோற்றத்திற்கு ஒரு காரணமாதல் கூடும்.

மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல்கள் கொண்ட அக்காப்பியம் 1726இல் நிறைவுற்றது. இவ்வாண்டு மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. ஐரோப்பாவில் யோசேப்பு வணக்கம் மிகப் பிந்தியே வளர்ந்தது. மார்ச்சு 19ஆம் நாள் விழாவைப் பதினைந்தாம் கிரகோரி கடன் திருநாளாக்கியது 1621இல்தான். புனிதர் மன்றாட்டு மாலையில் யோசேப்பின் பெயரைப் பதின்மூன்றாம் பெனடிக்டு சேர்த்தது 1726 டிசம்பரில். உரோமையில் அப்பெயர் மன்றாட்டில் இடம்பெற்ற அதே ஆண்டில், காவிரி வடகரை நாட்டில் அப்பெயருடையார்க்கு ஒரு பெருங்காப்பியம் நிறைவேறியிருந்தது. தமிழ்க் காப்பியம் மேலை வழிபாட்டு வளர்ச்சியைப் பின்தொடர்ந்ததன்று. அதனோடு ஒத்த காலத்தது என்பதை ஆய்வாளர் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை.

'வளன்' என்னும் சொல்லின் அமைப்பு நுட்பமானது. அஃறிணைப் பெயர்களின் மகர ஈறு னகரமாகத் திரிதல் தமிழ் வழக்கு: நலம் - நலன், நிலம் - நிலன், வளம் - வளன். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் ஒன்பதாம் பாட்டிற்குப் பெயராகிய 'வளனறு பைதிரம்' என்பதில், வளன் என்பது செழிப்பு என்னும் பண்புப்பொருளிலேயே வந்துள்ளது. மறுபுறம், அன் ஈறு ஆண்பால் ஒருமை விகுதியுமாகும். எனவே ஈறு எதையும் புதிதாகச் சேர்க்காமலே, ஒரு பழஞ்சொல் பண்புப்பெயராகவும் ஆட்பெயராகவும் ஒருங்கே நிற்கின்றது. அருளன், கருணையன் என்பன போன்று விகுதி சேர்த்து ஆக்கிய பெயரன்று இது. சங்கப் புலவர் அறிந்த சொல்லையே முனிவர் எடுத்து ஆள்பெயராக்கினார்.

வளர்ப்புத் தந்தையாதலின் வளன் எனப்பட்டார் என எளிதாக விளக்கத் தோன்றும். அவ்விளக்கம் ஏற்புடையதன்று. காப்பியத்தின் மூன்றாம் படலம் 'வளன் சனித்த படலம்'. பிறப்பிலேயே அவன் வளன். இயேசுவை வளர்த்தமை அவன் வாழ்வில் பின்னர் நிகழ்ந்தது. பெயருக்கு அடிப்படை எபிரேய வேர்ப்பொருளும், பெருக்கம் எனக் கொண்ட இலத்தீன் மரபும், கனிமர உவமையுமே. படலத் தலைப்பில் வடசொல்லாகிய 'சனித்த' என்பதும் தமிழ்ச்சொல்லாகிய 'வளன்' என்பதும் அடுத்தடுத்து நிற்பது, முனிவர் தனித்தமிழ் நோக்கால் இப்பெயரைப் படைக்கவில்லை என்பதற்குச் சான்றாகும். திருமுழுக்கு யோவானுக்குக் 'கருணையன்' எனப் பெயர் தந்தவர், வேறு விவிலிய மாந்தர் பலரை ஒலிபெயர்ப்பிலேயே நிறுத்தினார். சூசை என்னும் வழக்கையும் அவர் விலக்கவில்லை. தலைமை மாந்தரின் பெயர் கற்பார் உள்ளத்தில் அந்நியமாக ஒலிக்கலாகாது என்னும் காப்பியப் புலவனின் அக்கறையே இங்கு முந்துவது.

ஏட்டிலிருந்து நாவிற்கு

எனினும் மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூசை என்றே பெயரிட்டனர். ஒன்பதாம் பத்திநாதர் 1870 டிசம்பர் 8ஆம் நாள் யோசேப்பை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்த பின்னர் அப்பெயரில் ஆலயங்களும் பள்ளிகளும் பெருகியபோதும், ஊர் வழக்கில் அவை சூசையப்பர் கோவில்களே.

மாற்றத்திற்கு வழிகோலியவை இரண்டு. முதலாவது தனித்தமிழ் இயக்கம். சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் எனவும், வேதாசலம் மறைமலை எனவும் தம் பெயர்களை மாற்றிய நெறி, மதுரை மறைப்பணியாளர் கையாண்ட பொருள்பெயர்ப்பு நெறியே. நோக்கம் வேறு; முறை ஒன்று. கிறித்தவக் குடியிற் பிறந்த ஞா. தேவநேசன், தேவநேயன் எனத் தம் பெயரைத் திருத்திப் பாவாணராய் விளங்கியதும் இவ்வழியே. மற்றைச் சமயத்தார் வடசொற் பெயரை விடுத்துத் தமிழ்ப்பெயரை ஆக்க வேண்டியிருந்த இடத்தில், கத்தோலிக்கத் தமிழர்க்கோ இருநூறாண்டுக்கு முன்னரே ஒரு பெருங்காப்பியம் ஆக்கிவைத்த பெயர் ஆயத்தமாக இருந்தது. இரண்டாவது, 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம். வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்த அச்சங்கத்தின் பின்னர், இலத்தீன், போர்ச்சுக்கீசியச் சாயல்களைக் களைந்து வழிபாட்டுத் தமிழைச் செப்பம் செய்யும் முயற்சி முனைப்புற்றது.

1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்ட இயேசு சபையாரின் கல்லூரி, இன்று தமிழில் தூய வளனார் கல்லூரி என்றே வழங்குகின்றது. பாளையங்கோட்டைத் தமிழறிஞர் பேராசிரியர் பா. வளன் அரசுவின் பெயர் தமிழ்ப்புலவர் உலகில் நன்கறியப்பட்டது. வளன், அருள்வளன் என்னும் பெயர்கள் இன்று கத்தோலிக்கக் குடும்பங்களில் அரியன அல்ல. 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேம்பாவணிப் பகுதி இடம்பெற்றதால், முனிவர் ஆக்கிய பெயர்களைச் சமய வேறுபாடின்றித் தமிழ்நாட்டு மாணவர் அனைவரும் கற்கும் நிலையும் ஏற்பட்டது.

இம்மறுவாழ்வில் ஒரு முரண் உண்டு. அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்னும் பொருள்பெயர்ப்புகளைக் கத்தோலிக்கத் திருச்சபை படிப்படியாகக் கைவிட்டது. சபைகள் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோவான், பேதுரு, பவுல், யோசேப்பு என ஒலிபெயர்ப்பையே மேற்கொண்டது; சேசு என்பதும் இயேசு ஆயிற்று. சபைகளிடையே ஒற்றுமை நோக்கி எடுத்த அம்முடிவு தக்கதே. ஆயின் மறைநூல் பொருள்பெயர்ப்பை விட்டு விலகிய அதே காலத்தில், மக்கட் பெயரீடு பொருள்பெயர்ப்பை நோக்கி நகர்ந்தது. வளன் என்னும் பெயர் இன்று விவிலியத்தில் இல்லை. காப்பியத்திலும் வீட்டிலும் உள்ளது.

தேவசகாயம் என்னும் பெயரோடு ஒப்பிட இது மேலும் தெளிவாகும். எபிரேய 'எலியாசர்', 'இறைவன் துணைசெய்தார்' எனப் பொருள்படுவது. அதன் கிரேக்கத் திரிபே இலாசர். நீலகண்டப் பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைத் துறவி புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றபோது, இலாசர் என்னும் பெயர் தேவசகாயம் எனத் தமிழாக்கிச் சூட்டப்பட்டது. 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்ட அவர், 2012இல் அருளாளராகவும், 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். எபிரேயத்திலிருந்து பொருளால் பெயர்ந்து தமிழகத்திற்கு வந்த பெயர், அத்தமிழக வடிவிலேயே அனைத்துலகத் திருச்சபையின் புனிதர் வரிசையில் ஏறிற்று. வளனுக்கு அந்நிலை வாய்க்கவில்லை. யோசேப்பு என்னும் மூலப்பெயர் உலகெங்கும் உயிரோடு இருத்தலே காரணம்.

ஈட்டமும் இழப்பும்

பெயரின் பொருள் பெயருடையார்க்கு விளங்க வேண்டின், அப்பெயர் பிறந்த மொழி பேச்சுமொழியாக இருத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எலியேசர் பென் யெகூதா முதலியோர் எபிரேயத்தைப் பேச்சுமொழியாக மீட்டெடுத்த பின்னர், இசுரேலில் வளரும் ஒரு குழந்தைக்கு யோசேப் என்னும் பெயரின் வேர், 'சேர்', 'கூட்டு' என நாளும் வழங்கும் வினைச்சொல்லில் கேட்கின்றது. தமிழ்க் குழந்தைக்கு யோசேப்பும் ஜோசப்பும் சூசையும் ஒலிக்கோவைகள் மட்டுமே. வளன் என்னும்போது அப்பொருள் தமிழிலேயே விளங்கி விடுகின்றது. எபிரேயத்தில் மொழி மீண்டதால் நிகழ்ந்தது, தமிழில் மொழிபெயர்ப்பால் நிகழ்ந்தது. இது சிறிய ஈட்டமன்று.

இழப்பும் உண்டு. மூலப்பெயர் ஒரு வேண்டுதல், செயலைச் செய்பவர் இறைவன், காலம் எதிர்காலம். வளன் என்பதில் வேண்டுதல் இல்லை, எழுவாய் இல்லை, காலம் இல்லை. இராகேலின் நெஞ்சில் இருந்த குறை, மேலும் ஒரு மகவு வேண்டும் என்னும் ஏக்கம், தமிழில் நிறைந்த செல்வமாக மாறி விடுகின்றது. முனிவர் பின்பற்றிய இலத்தீன் மரபிலேயே இம்மாற்றம் நிகழ்ந்து விட்டதாகலின், குறை அவர்பாற் பட்டதன்று. எனினும் வளன் என்பது எபிரேயப் பெயரின் நேர்ப்பெயர்ப்பு எனக் கூறுவது மிகை. அதன் பொருள்வழி எழுந்த புதுப்படைப்பு எனலே தகும்.

பிறிதோர் இழப்பு வரலாற்றைச் சார்ந்தது. தூய தமிழ் என்னும் ஆர்வத்தால் சூசையப்பர் கோவில்கள் தூய வளனார் ஆலயங்களாக எழுதப்படும்போது, அயற்சொல் ஒன்று நீங்கியதாகவே பலர் மகிழ்வர். உண்மையில் நீங்குவது, போர்ச்சுக்கீசிய நாவிலிருந்து பரதவர் நாவிற்கு வந்து நாலரை நூற்றாண்டாகத் தமிழொலி பெற்று வழங்கும் ஒரு சொல். கடற்கரை ஊர்களின் ஆவணங்களிலும் கல்லறைக் கற்களிலும் திருமுழுக்குப் பதிவேடுகளிலும் அச்சொல்லே உள்ளது. வளன் வாழ்தல் வேண்டும். அதற்காகச் சூசை சாதல் வேண்டியதில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்திருந்த தேம்பாவணி ஆசிரியரின் நெறியே இவ்விடத்து நல்வழியாகும்.

ஆய்வாளர்க்கு இதனால் நேரும் இடர்ப்பாடு நடைமுறை சார்ந்தது. குடும்ப வரலாறு, ஊர் வரலாறு, குடிபெயர்வு வரலாறு ஆகியவற்றை ஆராய்வோர், பெயரகராதி தொகுப்போர், நூலக அட்டவணை அமைப்போர் ஆகியோர், இசுப்பு, ஔசேப்பு, யூசுபு, சூசை, யோசேப்பு, ஜோசப், வளன் என்பவற்றை ஒரு தலைச்சொல்லின்கீழ் இணைத்துக் காட்டும் குறிப்புகளை அமைத்தாலன்றி, ஒரே குடியின் வழிமுறை பலவாகச் சிதறித் தோன்றும். பாட்டன் சூசை, மகன் ஜோசப், பேரன் வளன் என அமைதல் எளிதில் நிகழக்கூடியது; மூவர்க்கும் பெயர் ஒன்றே என்பதைப் பதிவேடு சொல்லாது.

தமிழரின் பெயர்முறையும் எபிரேயரின் பெயர்முறையும் இவ்விடத்து ஒன்றுபடுகின்றன. இன்னார் மகன் இன்னார் என்பதே இரண்டிலும் அடிப்படை. குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. அங்கே 'பென்' என்னும் மகன்மைச் சொல் நடுவில் நிற்கும். இங்கே தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். வட இந்திய அலுவலகப் படிவங்களோ இறுதியில் ஒரு குடும்பப் பெயரை வேண்டுகின்றன. அக்கட்டத்தை நிரப்பத் தமிழர் தந்தை பெயரையே எழுதுவது பெருவழக்கு. கிட்வாய் நகரில் வாழும் ஒரு தமிழ்ச் சிறுவன் பள்ளிப் படிவத்தில் 'வளன் ஜோசப்' எனப் பதிவாவானாயின், இராகேல் சொன்ன சொல் அங்கே பொருளால் ஒரு முறையும் ஒலியால் ஒரு முறையும் எழுதப்பட்டிருக்கும்.